கால் பங்கும் அரைப் பங்கும்: பேசும் பிள்ளையின் கல்வி

(வீரசாசன ஜயந்தியையொட்டிக் குற்றாலத்தில் நடைபெற்ற குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் எனத் தமிழகத்தின் வட பகுதியிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருக்கிறீர்கள். நேற்றுக் கழுகுமலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிவிட்டு, இன்று குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு இந்த அவைக்கு வந்துள்ளீர்கள். பேசும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு அறக்கட்டளையார் என்னைப் பணித்தனர். தென்காசி வட்டாரத்தில் நெடுங்காலம் அறிவியல் ஆசிரியனாக இருந்தவன் என்பது ஒன்றே இதற்கு எனக்குள்ள தகுதி. தகுதியைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அது நான் செய்த ஒரு பிழை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். வாய் ஓயாத பிள்ளை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், அவன் குரல் எழும். பக்கத்தில் இருப்பவனோடு பேசுவான். அவன் இல்லையென்றால் பின்னால் இருப்பவனோடு பேசுவான். பொறுமையிழந்த நான் ஒரு நாள் அவனைக் கடைசி வரிசைச் சன்னல் ஓரத்தில் தனி இருக்கையில் அமர்த்தினேன். யாரும் அவனோடு பேசக் கூடாது என்று வகுப்புக்குக் கட்டளையும் இட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. என் முறை வெற்றி பெற்றது என்று மகிழ்ந்தேன். அரையாண்டுத் தேர்வில் அதற்கு முன் தேறிய பாடங்களிலும் அவன் தவறினான்.

ஒரு மாதம் கழித்து அவன் தாயார் என்னைத் தேடி வந்தார். பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பவர். பள்ளி வாசலில் நின்றபடியே சொன்னார்: "சார், அவன் பேசினாத்தான் சார் அவனுக்குப் படிப்பு. நாங்க நாலஞ்சு பேரு திண்ணையில உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருப்போம். எங்க முன்னாடி வந்து நின்னு பாடத்தைக் கதை மாதிரி சொல்லுவான். இப்ப வீட்டுலயும் வாயத் திறக்க மாட்டேங்கான்."

அந்த அம்மையார் பள்ளி சென்று படித்தவர் அல்லர். ஆனால் நான் ஆசிரியப் பயிற்சியில் கற்றும் மறந்திருந்த ஒன்றைச் சில சொற்களில் உணர்த்திவிட்டார். பேச்சு அவனுக்குப் படிப்பின் பகையன்று. படிப்பின் வழி அதுவே. அந்த வழியை அடைத்துவிட்டு, அவன் ஏன் நடக்கவில்லை என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

அன்பர்களே, மனித மனங்களைப் புறமுகம், அகமுகம் என இரு போக்குகளாகப் பகுத்து விளக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் யூங். அவருடைய நூல் 1921-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறரோடு கூடுவதில் ஊக்கம் பெறுவோர் புறமுக இயல்பினர். தனிமையில் ஊக்கம் பெறுவோர் அகமுக இயல்பினர். நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ நிற்கிறோம். புறமுகப் பிள்ளைக்கு எண்ணம் முதலில் உருவாகிப் பின்னர்ச் சொல்லாவதில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எண்ணம் உருவாகிறது. "வாயாடி" என்று நாம் கடிந்துகொள்ளும்போது, அப்பிள்ளையைச் சிந்தியாதே என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த உண்மை நமக்குப் புதிதா? நம் முன்னோர் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம்மவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட அந்நூலை இயற்றினார். இலக்கண நூல் என்றே அதனை அறிவோம். ஆனால் அதன் பாயிரம் சிறந்ததொரு கல்விநூல். ஆசிரியர் உரைப்பதை ஒரு மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு அறிவே என்கிறார் முனிவர். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப் பங்கு எப்போது கிடைக்கும்? தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போது கிடைக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளை நாம் ஆசிரியரிடம் அனுப்புகிறோம். மாலையில் தனிப்பயிற்சிக்கும் அனுப்புகிறோம். இவ்விரண்டும் சேர்ந்து முதற்கால் பங்கிலேயே அடங்கிவிடுகின்றன. மீதி முக்கால் பங்கும் பேச்சின் வழியே வருவது. அந்த முக்காலுக்கு நம் வீட்டில் இடம் உண்டா?

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியார் சுவாத்தியாயம் என்னும் உள்முகத் தவத்தை ஐந்தாக வகுத்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தர்மோபதேசம். அதாவது படித்தல், ஐயம் வினவுதல், திரும்பத் திரும்பச் சிந்தித்தல், பிழையின்றி ஓதிப் பயிலுதல், பிறருக்கு உரைத்தல். இவற்றுள் வினவுதலும் ஓதுதலும் உரைத்தலும் வாயால் ஆவன. சிந்தித்தல் ஒன்றே முற்றிலும் மௌனத்தில் நிகழ்வது. பேசும் பிள்ளைக்கு இந்த ஐந்தில் பெரும்பகுதி இயல்பாகவே கைவரும். சிந்தித்தல் மட்டும் முயன்று பழக வேண்டியது. அமைதியான பிள்ளைக்குச் சிந்தித்தல் எளிது. வினவுதலும் உரைத்தலும் முயன்று பழக வேண்டியவை. ஆகவே ஐந்தும் எல்லாருக்கும் வேண்டும். எந்த வாயிலின் வழியாக உள்ளே நுழைகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு "கற்றல் பாணி" உண்டு, அதற்கேற்பவே கற்பித்தால் மதிப்பெண் உயரும் என்று இன்று பலர் சொல்கின்றனர். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் நால்வர் இது குறித்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, அக்கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தனர். மறுபுறம், 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்த தேர்வுகளில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து மீட்டுப் பழகியவர்களே முந்தினார்கள். இது எல்லா இயல்பினருக்கும் பொதுவான உண்மை. புறமுகப் பிள்ளைக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு: மூடிய புத்தகத்தை எதிரே ஒருவருக்குச் சொல்வது அவனுக்குத் தண்டனையன்று, விளையாட்டு.

அனேகாந்தம் பயின்ற நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "இவன் புறமுகம்" என்பது ஒரு நயம்; ஒரு கோணத்திலிருந்து கண்ட உண்மை. அதுவே முழு உண்மை என்று பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டிவிடுதல் ஏகாந்தம். "எனக்குத் தனியே உட்கார்ந்து படிக்க வராது, நான் அப்படிப்பட்டவன்" என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், நாம் கொடுத்த பெயர் அவனுக்கு விலங்காகிவிட்டது என்று பொருள்.

இனி ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம். பாடநூல் வேண்டா; இந்த ஊரே போதும்.

முதலில் அறிவியல். பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அருவி இடையில் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கிப் பின்னர் வழிந்து இறங்குகிறது. ஒரு கிலோ நீர் 60 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 588 ஜூல். அது முழுவதும் வெப்பமானால் நீர் சூடாக வேண்டுமே, ஏன் நமக்குக் குளிர்கிறது? இந்த வினாவைப் பிள்ளைகளிடையே போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் வாதிடட்டும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேண்டும் என்பதை யாராவது ஒருவர் சொல்வார். வகுத்துப் பார்த்தால் 0.14 டிகிரிதான் வரும். இந்தக் கணக்கை அவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள். ஒரே நிபந்தனை: விடை காணுமுன் ஒவ்வொருவரும் தம் கணிப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன கணிப்பு பொய்க்கும்போது மனம் விழித்துக்கொள்கிறது.

புவியியலுக்கும் இந்த ஊரில் ஒரு வினா உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் ஏன்? செங்கோட்டைக் கணவாய் வழியே அந்தக் காற்று இப்பக்கம் புகுவதைப் பிள்ளைகள் தாமே கண்டறிந்து சொல்லட்டும்.

வரலாறு, பேசும் பிள்ளைக்கு இனிய பாடம். அதே வேளையில் ஆபத்தான பாடமும் ஆகும். கதையாகச் சொல்லிவிடுவான், ஆண்டும் இடமும் நழுவிவிடும். இம்மாவட்டத்து நெற்கட்டும்செவலில் ஆண்ட பூலித்தேவரின் பக்கம் ஒருவனும், அவரை எதிர்த்து வந்த யூசுப்கானின் பக்கம் ஒருவனும் நின்று வாதிடட்டும். பின்னர் இருவரும் இடம் மாறி வாதிட வேண்டும். எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொல்ல வல்லவனே பாடத்தை அறிந்தவன். வாதம் முடிந்ததும் ஐந்து ஆண்டுகளையும் ஐந்து இடங்களையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். நேற்று நீங்கள் கழுகுமலையில் கண்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் உள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தென்பாண்டி நாட்டில் நம் பெண்கள் பலர் அறிய அறம் உரைத்தார்கள். "பொம்பளப் பிள்ளை இவ்வளவு பேசலாமா?" என்று கேட்கும் பாட்டிமார்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

மொழிப்பாடத்திற்கு இந்த மண்ணைவிடச் சிறந்த பள்ளி ஏது? குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கு அருகிலுள்ள மேலகரத்தவர். அந்நூல் ஆடவும் பாடவும் எழுந்தது. கண்ணால் மட்டும் படித்தால் அதன் பாதி உயிர் போய்விடும். அதே குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர் படிப்புப் படித்தவர். ஆனால் அவருடைய புகழெல்லாம் கவிதையைப் பற்றி நண்பர்களோடு கூடிப் பேசியதால் வந்தது. திருநெல்வேலியில் அவர் இல்லத்து வட்டமான தொட்டிக்கட்டில் கூடியதால் அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வழங்கிற்று. இராஜாஜி, கல்கி போன்றோர் குற்றாலத்தில் அவரை நாடி வந்தனர். ஒரு செய்யுளை அவர் பலமுறை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அதன் உள்ளே நுழைவார். பேச்சினாலேயே கற்றும் கற்பித்தும் ஒருவர் இவ்வளவு உயரலாம் என்பதற்கு இவ்வூரே சான்று. ஆனால் ஒன்றையும் மறவாதீர்கள்: அவரும் ஏராளமான கடிதங்கள் எழுதினார். எழுதியதனால் அவர் சிந்தனை இன்றும் நம் கையில் இருக்கிறது. காற்றில் கலந்த பேச்சு கலந்துபோயிற்று.

கணிதம்தான் பேசும் பிள்ளைக்குக் கடினமான இடம். நண்பன் போட்ட கணக்கைப் பார்த்து "ஆமாம், ஆமாம்" என்று தலையசைத்துவிட்டு, தனக்கும் தெரியும் என்று நம்பிவிடுவான். தேர்வறையில் தலையசைக்க நண்பன் இருக்க மாட்டான். ஆதலால் கணிதத்தில் வரிசையை மாற்ற வேண்டும். முதல் பத்து நிமிடம் தனியே முயற்சி. அதன் பிறகே பேச்சு. பேசும்போதும் கையில் சுண்ணக்கட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் "இது ஏன்?" என்று கேட்கும் உரிமை எதிரே இருப்பவருக்கு உண்டு. எதிரே இருப்பவர் கணிதம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய் "ஏன்?" என்று கேட்டாலும் போதும்.

நம் இல்லங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது நம் வழக்கம். இரவு உணவைச் சுற்றி மற்ற வீடுகளில் கழியும் நேரம் நமக்கு மிச்சமாகிறது. அதைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிடுகிறோம். சாமாயிகத்திற்கு நாம் வகுத்துக்கொண்ட கால அளவு ஒரு முகூர்த்தம்; இரண்டு நாழிகை; 48 நிமிடம். அதே அளவைப் படிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாழிகை, புத்தகத்தை மூடிவைத்து அன்று கற்றதை வீட்டில் ஒருவருக்கு உரைக்க வேண்டும். அடுத்த நாழிகை, உரைத்ததையே வாய் திறவாமல் எழுத வேண்டும். முதல் நாழிகை அவன் விரும்புவது. இரண்டாம் நாழிகை அவனுக்கு வேண்டியது. முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதை மட்டும் கேட்பதுதான் நாம் செய்யும் தவறு.

பேச்சைப் போற்றிப் பேசும் நான், வாக்குக் காவலைப் போதிக்கும் அறத்திற்கு மாறுபடுகிறேனோ என்று பெரியவர்கள் சிலர் ஐயுறலாம். நியாயமான ஐயமே. பாஷா சமிதி பேசாதிருக்கச் சொல்லவில்லை; இதமாகவும் மிதமாகவும் இனிமையாகவும் பேசச் சொல்கிறது. நம் நீலகேசியைப் பாருங்கள். குண்டலகேசி தொடங்கிப் பூதவாதி வரை பலரோடும் அவள் வாதம் புரிந்து வென்றாள். ஆனால் அதற்கு முன் முனிச்சந்திரரிடம் அமர்ந்து கேட்டாள். கேட்டபின் எழுந்த பேச்சு என்பதனால் அது வென்றது. பேசும் பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டிய விரதம் மௌனம் அன்று. பிறர் பேசி முடிக்கும் வரை காத்திருத்தல். நான்கு பேர் கூடிப் படிக்கும் இடத்தில் ஒருவனே பேசினால், மற்ற மூவரின் அரைப் பங்கையும் அவன் எடுத்துக்கொள்கிறான். அதுவும் ஒருவகையில் கொள்ளாமை விரதத்திற்கு மாறானதே.

அந்த மாணவனை மறந்துவிடவில்லை. தாயார் வந்துபோன மறுநாள் அவனைப் பழைய இடத்தில் அமர்த்தினேன். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகம் இல்லாமல் பாடத்தைத் திருப்பிச் சொல்வது அவன் பொறுப்பு என்றேன். முதல் நாள் அருமையாகத் தொடங்கினான். நடுவே நிறையும் எடையும் ஒன்றே என்று சொல்லிவிட்டான். அதுவரை வகுப்பில் வாய் திறந்து நான் அறியாத ஒரு மாணவி எழுந்து, "அது தப்பு சார்" என்றாள். அன்று ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கற்றார்கள்; மூன்றாவதாக நானும் கற்றேன். அவன் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினான். இன்று ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பிக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தபோது, தனி இருக்கையில் அமர்த்தியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றான். மறந்திருக்க மாட்டான், மன்னித்திருக்கிறான்.

இறுதியாக, இன்று நாம் கொண்டாடும் நாளையே நினைவுபடுத்தி முடிக்கிறேன். வர்த்தமான சுவாமி கேவல ஞானம் எய்தினார். சமவசரணம் அமைந்தது. ஆனால் 66 நாள் திவ்வியத்துவனி எழவில்லை. ஏற்று விளக்கவல்ல கணதரர் இல்லை. அப்போது இந்திரபூதி கௌதமர் வந்தார். எப்படி வந்தார்? ஐந்நூறு மாணாக்கர் சூழ, தம் வாதத் திறமையில் பெருமிதம் கொண்டு வாதிடவே வந்தார். மானத்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கிற்று. விபுலாசலத்தில் பகவானின் திருமொழி எழுந்தது. அந்த நாளே வீரசாசன ஜயந்தி. வாதிட வந்த அந்தணரை, "வாயாடி, வெளியே போ" என்று யாரும் விலக்கவில்லை. அவரே முதற்கணதரர் ஆனார். அவர் கேட்டு உரைத்ததே நமக்கு ஆகமம் ஆயிற்று.

உங்கள் வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை ஒன்று இருந்தால், இன்று இரவு விளக்கேற்றியபின் அதன் எதிரே அமருங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். ஒரு நாழிகை பொறுமையாகக் கேளுங்கள். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு உங்கள் திண்ணையிலேயே கிடைக்கும்.